பதினோரு எழுத்து

எழுத்துக்கு நாற்பத்தெட்டு டாலர்.
இடைவெளிக்கு நான் காசு வாங்குவதில்லை.
ஆல்டர் பாயிண்ட் நகர மன்றம் அனுப்பிய தாளில்
பதினோரு எழுத்து கேட்டிருந்தார்கள்,
வெண்கலத்தில், ஓரடி உயரத்தில்,
கவுண்டிப் பதிவகத்தின் வாசலுக்கு மேலே பதிக்க:

ஹில்டா ரௌத்தியோ.

தீர்மானம் ஏழுக்கு இரண்டில் நிறைவேறியதாம்.
எதிர்த்தவர்களில் ஒருவர் பெர்ட் ட்ரெகோனிங்.
"பெயர் வைக்கிற காசில் கூரை ஒழுக்கை அடையுங்கள்.
முப்பத்தொரு வருஷம் அவள் கேட்டது அதைத்தான்."
யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.
பதிவேடுகளுக்கு நடுவே அன்றும் இரண்டு வாளி.

டி-யை வார்த்து, அரம் போட்டு, துடைத்தும் வைத்துவிட்டேன்.
அப்புறம்தான் உறைத்தது:
ஹில்டா இல்லை. ஹில்யா.
ஜே என்று எழுதி ய என்று சொல்ல வேண்டும்.
ஃபின்லாந்து பாஷையில் அமைதி என்று அர்த்தமாம்.
அமைதிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்.

தாமிரச் சுரங்கத்தின் சம்பளக் கணக்கன்
வாய்க்கு அடங்காத பெயரையெல்லாம்
வாலை வெட்டி, தலையை வெட்டி எழுதிய ஊர் இது.
மேக்கி என்று கப்பலேறியவன்
ஹில் என்று புதைக்கப்பட்டான்.
பேரன்கள் வந்து கேட்டால்
அலுவலகம் மூடிய பிறகும் விளக்கெரிய உட்கார்ந்து
தேவாலயப் புத்தகம், கப்பல் பட்டியல், கல்லறைக் கல்
எல்லாவற்றையும் துருவி
விழுந்துபோன எழுத்தைத் தேடி ஒட்டுவாள்.

நல்லவள் என்று சொல்ல வரவில்லை.
என் கல்யாண விண்ணப்பத்தை மூன்று முறை திருப்பினாள்.
ஸ்லாவிட்ஸாவை நான் ஸ்லாவிகா என்று எழுதியிருந்தேன்.
"கட்டிக்கொள்ளப் போகிறவள் பெயர்கூடவா தெரியாது?"
வரிசையே சிரித்தது.
ஸ்லாவிட்ஸா இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

கட்டணத்தில் தள்ளுபடி கிடையாது.
ஒரே நாள் உயிரோடிருந்த சிசுவின்
இறப்புச் சான்றிதழுக்கும் இரண்டு டாலர்தான்.
தன் பையிலிருந்து எடுத்துப் பெட்டியில் போடுவாள்,
ரசீது எழுதுவாள்,
தகப்பன் கையில் மடித்துக் கொடுப்பாள்.
அப்படி ஒரு ரசீது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

மன்றத்துக்குப் போன் செய்தேன்.
"தீர்மானத்தில் இருப்பதைத்தான் பதிக்க முடியும்.
மாற்ற வேண்டுமானால் ஜனவரிக் கூட்டம்.
விழா நவம்பர் பன்னிரண்டு."
குரலில் இருபது வயது. அதன்மேல் என்ன கோபம்.

அன்று ராத்திரி உலையை மறுபடி மூட்டினேன்.
ஒரே ஒரு ஜே. என் செலவு.
பில்லில் 'பதினோரு எழுத்து' என்று மட்டும் போட்டேன்.
பொய் இல்லையே.

சுப்பீரியர் ஏரிக் காற்று ஏணியைப் பிடுங்கியது.
ஸ்லாவிட்ஸா கீழே பிடித்துக்கொண்டாள்.
கல்லில் துளையிட்டு ஒவ்வொன்றாய்ப் பதித்தேன்.
ஜே கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது;
தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

விழாவில் மேயர் தாளைப் பார்த்து வாசித்தார்:
"நம் ஹில்டா..."
பின்வரிசையில் பெர்ட் சிரித்து, இருமலாக மாற்றினார்.
மேயர் திரும்பி, அண்ணாந்து பார்த்தார்.
தாளைப் பார்த்தார். தாளை மடித்தார்.
அதன்பிறகு பேசியது
அவர் மகளின் பிறப்புச் சான்றிதழைப் பற்றி.
நன்றாகவே பேசினார்.

டி என் பட்டறையில் கிடக்கிறது;
காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிறது.
மார்ச்சில் பனி உருகியபோது
பதிவறைக்கு மூன்றாவது வாளி வந்தது,
பெர்ட் வீட்டிலிருந்து.

தீர்மானப் புத்தகத்தில் அவள் இன்னும் ஹில்டாதான்.
திருத்தச் சொல்லி விண்ணப்பம் போட்டேன்.
நேற்று திரும்பி வந்தது:
தேதி எழுத மறந்திருந்தேன்.