பத்தொன்பதில் தொடங்கும் தெரு

கடல் பக்கமிருந்து எண்ணினால்
லார்ட்டர் சந்து பத்தொன்பதில் தொடங்குகிறது.
இரட்டைப்படை எண்கள் என்றைக்குமே இருந்ததில்லை,
எதிர்ப்பக்கம் பார்லி வயல்.
ஒற்றைப்படையில் எட்டு வீடுகளைக்
கடல் வாங்கிக்கொண்டது,
ரசீது தராமல்.

ஆறு வருடமாக இங்கே தபால் போடுகிறேன்.
எனக்குத் தெரிந்த சரித்திரமெல்லாம்
கதவருகே நின்று கேட்டது.

முதல் போர் முடிந்த கையோடு
ரயில் கம்பெனி கழித்துப்போட்ட பெட்டிகளை
ஒன்று பதினைந்து பவுண்டு என்று பேசி
குதிரை கட்டி இழுத்துவந்தார் எபநேசர் லார்ட்டர்.
மணலை மனை என்று விற்றார்.
நார்விச்சின் செருப்பு ஆலைக்காரர்கள்
கோடைக்கு வந்தார்கள்,
பனி விழுந்தும் போகவில்லை.

வீட்டுக்கு ஐந்து கதவு.
ஒன்றில் தட்டினால் வேறொன்றில் தலை நீட்டுவார்கள்.
திருமதி ஏமிஸின் சமையலறைக் கண்ணாடியில்
புகைப்போர் பெட்டி என்ற எழுத்து
இன்னும் அழியவில்லை.
கணவர் அங்கேதான் சுருட்டுப் பிடிப்பார்,
சட்டப்படி.

மேட்டின் விளிம்பு எவ்வளவு தூரம்?
கேஸ் சகோதரர்கள் காலடியால் அளப்பார்கள்,
லித்துவேனியாவிலிருந்து வந்த யூரட்டே
துணிக்கொடிக் கயிற்றால்.
ஒருவர் கணக்கை ஒருவர் நம்புவதில்லை.
கவுன்சில் கணக்கை
யாருமே நம்புவதில்லை.

பதினைந்தாம் எண் மட்டும் கடலுக்குப் போகவில்லை.
ஒரு டிசம்பரில் டோர்கஸ் த்ர்ட்டில்
இரண்டு டிராக்டர் வாடகைக்குப் பிடித்து
வீட்டை அப்படியே பின்னால் இழுக்கச் சொன்னாள்.
"ரயில்பெட்டிதானே,
நகர்வது அதற்குப் புதிதா?"
அலமாரியில் கோப்பைகள் கலகலக்க
அவள் உள்ளேயே உட்கார்ந்திருந்தாளாம்,
டிக்கெட் வாங்கியவள்போல.
எண்ணை மாற்ற மறுத்துவிட்டாள்.
முப்பத்தேழுக்கும் முப்பத்தொன்பதுக்கும் நடுவே
இன்றும் பதினைந்து.
புதிதாக வரும் தபால்காரர்கள்
அங்கேதான் தடுமாறுவார்கள்.

பத்தொன்பதை இந்த வசந்தத்தில்
லெஸ்டர்காரர் ஒருவர் வாங்கினார்.
எந்த வங்கியும் கடன் தராது, ரொக்கம்தான்.
மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டே கேட்டார்:
"எத்தனை வருடம் தாங்கும்?"
பெயிண்ட்டா, வீடா
என்று நான் கேட்கவில்லை.

நேற்று மூன்றாம் எண்ணுக்கு ஒரு விளம்பரம் வந்தது:
கடல் பார்த்த ஜன்னல்கள்,
இருபத்தைந்து வருட உத்தரவாதம்.
திருப்பி அனுப்ப முகவரி இல்லை.
அவரிடமே கொடுத்தேன்.

படித்தார். நாலாக மடித்தார்.
காற்றில் அடித்துக்கொண்டிருந்த
இரண்டாவது கதவின் இடுக்கில் செருகினார்.

சத்தம் நின்றது.