இரண்டாம் கதவு

டுலூத் நகரத்து நாய்ப்பூங்காவுக்கு
இரண்டு கதவுகள்.
முதல் கதவைச் சாத்திய பிறகே
இரண்டாவதைத் திறக்க வேண்டும்.
நடுவே ஒரு கட்டில் அகலத்துக்குக் கான்கிரீட்.
அங்கேதான் கயிற்றைக் கழற்றுவோம்.
அங்கேதான் நிக்கல்
தன் நாற்பது பவுண்டு எடையையும்
என் இடது பூட்ஸின் மேல் இறக்கி வைத்தான்.

காப்பகத்தில் தந்த தாளில் எழுதியிருந்தது:
பிற நாய்களோடு பழக்கவும்.
பழக்கு. பழகு.
நடுவே ஓர் ஒற்றுதான் வித்தியாசம்.
ஒன்றை நான் செய்யலாம்,
மற்றதை அவன்தான் செய்யவேண்டும்
என்று அந்தத் தாளில் இல்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் ஆறு மூக்குகள்.
டீசல், ஓட்டோ, ட்யூலிப்,
மற்ற மூவரின் பெயர் காற்றோடு போயிற்று.
ஏரிக்காற்று. மார்ச் மாதம்.
சேறு பாதி, பனிக்கட்டி பாதி.

"சும்மா விடுங்க, அதுங்களே பேசித் தீர்த்துக்கும்"
என்றார் டீசலின் கர்ட்டிஸ்,
காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
மனைவி போன பிறகு
தினமும் நாலு மணிக்கு இங்கே.
நாய்களின் பெயரெல்லாம் அத்துப்படி.
என்னையும் நிக்கல் என்றே கூப்பிடுவார்.

குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள்.
சரிதான்.
டீசல் குரைத்துக் குரைத்து ஓய்ந்தது.
கடித்தது ட்யூலிப்,
சத்தமே போடாத பீகிள்.
காதில் நாலு தையல்.
இருநூற்றுப் பதினாறு டாலர்.
வீட்டில் குழந்தை மாதிரி இருப்பாள் என்று
ட்யூலிப்பின் சொந்தக்காரி அழுதாள்.
இருப்பாள்.
வீட்டில் நானும் நல்லவள்தான்.
ஆறு அந்நியர்கள் ஒரே சமயத்தில் சூழ்ந்து
என் பின்புறத்தை முகர்ந்தால்
என்ன செய்வேனோ, தெரியாது.

பூங்காவைக் குறை சொல்ல வரவில்லை.
ஓட்டோவைப் பார்த்திருக்கிறேன்.
மூன்றே கால்.
வேலியோரமாக அவன் வட்டமடிக்கும்போது
நாலாவது கால் இருந்த இடத்திலும்
சேறு தெறிக்கும்.
எந்தக் கயிற்றின் நீளத்திலும்
அந்த வட்டம் அடங்காது.
அப்புறம் கர்ட்டிஸ்.
பூங்கா இல்லாவிட்டால் நாலு மணிக்கு
அவர் யாரோடு பழகுவார்?

நாங்கள் வெளியே நின்றோம்.
வாகன நிறுத்தத்தின் கடைசி மூலை,
வேலியிலிருந்து அறுபது அடி.
ஒரு நாய் கண்ணில் பட்டால் ஒரு துண்டு சீஸ்.
குலை நடுங்காமல் பார்த்தால் இன்னொன்று.
வாரத்துக்கு ஐந்தடி முன்னேறினோம்.
குப்பை லாரி வெடித்த வாரம்
இருபதடி பின்வாங்கினோம்.

ஒருநாள் கர்ட்டிஸ் டீசலோடு வெளியே வந்து
எங்கள் பக்கத்தில் நடந்தார்.
முகத்துக்கு முகம் அல்ல, தோளுக்குத் தோள்.
நாய்கள் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.
நாங்களும்தான்.
தபால்பெட்டி வரை போய்த் திரும்பினோம்.
"என் பேர் வெரோனா" என்றேன்.
"ம்" என்றார்.
கொஞ்சம் தள்ளி,
"நாளைக்கும் வாங்க நிக்கல்."

இப்போது விடியலில் ஐந்தே முக்காலுக்கும் வருகிறோம்.
யாருமில்லாத பூங்கா.
முதல் கதவு. சாத்து. இரண்டாம் கதவு.
மூக்கைத் தரையில் வைத்து
நேற்று வந்தவர்கள் எல்லோரையும்
ஒவ்வொருவராகச் சந்திக்கிறான் நிக்கல்.
யாரும் பின்னாலிருந்து மோதுவதில்லை.
கம்பத்தடியில் டீசல்.
தண்ணீர்க் குழாயருகே ட்யூலிப்.
அங்கே வெகுநேரம் நிற்கிறான்,
தைத்த காது சற்றே முன்னால் வர.
பிறகு காலைத் தூக்கிச்
சுருக்கமாகப் பதில் எழுதுகிறான்.

இன்று இந்த வருஷத்தின் முதல் உறைபனி.
வெள்ளைப் புல்லில்
எங்களுக்கு முன்பே
ஒரு ஜோடி பூட்ஸ், நாலு பாதம்,
வேலியை ஒட்டியே ஒரு சுற்று வந்து
வெளியேறியிருக்கின்றன.
எங்களைவிடக் கூச்சக்காரர் யாரோ.
அந்தத் தடத்தில் மூக்கைப் புதைத்து
நிக்கல் வாலை ஆட்டினான்,
இடுப்பும் சேர்ந்து ஆட.

நாளைக்கு
கடிகாரத்தை ஐந்தரைக்கு வைக்கலாமா
என்று யோசிக்கிறேன்.