பதினான்காம் எண் பெட்டி

அக்டோபரின் கடைசி வியாழன்.
சிலைகளுக்குப் பெட்டி அடிக்கும் நாள் என்று
வாயில்காரர் சொன்னபோது
கையில் சீட்டு வாங்கியாகிவிட்டது.

வார்சாவுக்கு மேற்கே ஒரு பிரபுவின் தோட்டம்.
பிரபு இல்லை. போர் இரண்டு வந்து போயின.
லிண்டன் மரங்கள் மட்டும் வரிசை கலையாமல்.
மடி நிறையக் கல்பூக்களை ஏந்தி
ஃப்ளோரா நிற்கிறாள்,
மூக்கு நுனியும் இடது சுண்டுவிரலும் இல்லாமல்.

நான் பல் செய்கிறவள்.
வூச் நகரத்தில், மாடிப் பட்டறையில், பீங்கான் பற்கள்.
எங்கள் அட்டையில் வெள்ளைக்குப் பதினாறு எண்கள்.
பத்தரை மணிக்கு இவள் தோளில் விழுந்திருப்பது
பதினாறில் எதுவும் இல்லை.

தாளை நனைத்தேன்.
தோள் வரவேண்டிய இடத்தைத் தொடவில்லை.
அவளுக்குப் பின்னால் இருந்த வேலியின் இருட்டை
நீலமும் பழுப்புமாகக் குழைத்து
அவள் விளிம்புவரை கொண்டுவந்து நிறுத்தினேன்,
ஈற்றின் கோட்டில் மெழுகை நிறுத்துவதுபோல.
கழுத்தின் நிழலுக்கு ஊதா.
தாடைக்கு அடியில், குளத்திலிருந்து ஏறிவந்த வெளிச்சம்:
லேசான பச்சை, அதில் ஒரு துளி காவி.

வண்டி வந்தது. பலகை, கித்தான், ஆணி டப்பா.
சட்டையில் விட்டோல்டு என்று தைத்திருந்தவர்
பலகையில் எண்ணைப் பார்த்தார்: பதினான்கு.
என் தாளையும் பார்த்தார்.
"நடுவில் ஓட்டையல்லவா இருக்கிறது? பொம்பளை எங்கே?"
"அந்த ஓட்டைதான் அவள்."
அவர் சிரிக்கவில்லை.
உடன் வந்த பையன் சிரித்தான்.

மூன்று டிகிரி. இருட்டு காயவில்லை.
அடுத்த நிறத்தை வைத்தால் தோளுக்குள் வழிந்துவிடும்.
ஊதினேன். விசிறினேன்.
கோட்டைத் திறந்து
தாளை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.
"இன்னும் எவ்வளவு நேரம்?"
"காயும்வரை."

உள்பாக்கெட்டிலிருந்து ஒரு தட்டைக் குப்பி.
என் தண்ணீர்க் கிண்ணத்தில்
ஒரு மூடி வோட்கா ஊற்றினார்.
தனக்கு ஒரு மூடி.
கொஞ்சம் யோசித்து,
ஃப்ளோராவின் கால் கட்டைவிரலில் ஒரு சொட்டு.
பையனுக்கு இல்லை, அவன் வண்டி ஓட்டவேண்டும்.

காய்ந்தது.
ஓரங்களில் செதில் செதிலாகப் பிரிந்து,
நான் வரையாத இலைகளோடு.

பிறகு பலகைகள் ஏறின.
முழங்கால். இடுப்பு. பூக்கள்.
கடைசிப் பலகைக்கு முன்
விட்டோல்டு உள்ளே எட்டிப் பார்த்தார்,
எதையோ மறந்து வைத்துவிட்டவர்போல.
வெயில்
அவள் தோள் இருந்த உயரத்தில்
பைன் பலகைமேல் விழுந்துகொண்டிருந்தது.
அதற்குச் சொல்லி அனுப்பியிருக்கவில்லை.

ரயிலில் படத்தை மடியில் வைத்திருந்தேன்.
எதிர் இருக்கை அம்மாள்
முதலில் மோந்தாள், பிறகுதான் பார்த்தாள்.
"நடுவில் இருப்பது என்ன, விளக்கா?"

ஏப்ரலில் திறப்பார்கள் என்றேன்.