சம்பளத்தோடு ஒன்பது மாதம்

கலீனா வளாகத்தில் விமானங்கள்
மரங்களின் உச்சியை உரசுவதுபோல் இறங்குகின்றன.
ஒவ்வொன்றுக்கும் பேராசிரியர் சுநேத்ரா
வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி
சத்தம் கடந்ததும்
விட்ட சொல்லிலிருந்தே தொடர்கிறார்.
எனக்கு அது வராது.
பத்தொன்பது வருடமாய் நான் நிறுத்திய இடத்தில்
வேறொரு பத்திரிகை புகுந்துவிடும்.

வந்திருப்பவர்கள் நான்கு பேர்.
யவத்மாலில் பருத்தியும் கடனும் எழுதிய கவ்ளி
முதல் மூன்று வாரமும் தூங்கினார்.
எழுந்து, மெஸ்ஸில் இரண்டு தட்டு போஹா தின்றுவிட்டு
மறுபடி தூங்கினார்.
அதுவும் ஆராய்ச்சிதான் என்றார்
இம்பாலிலிருந்து வந்தவர், சிரிக்காமல்.

எனக்கு மாலை ஆறரைதான் தொல்லை.
கை தானாகப் போனை எடுக்கும்.
ரயில்வே போலீஸ் கட்டுப்பாட்டு அறை.
இன்னைக்கு எத்தனை?
ஆறு. எட்டு. ஞாயிறென்றால் நான்கு.
இப்போது அந்த எண்ணை அழைப்பது
டெஸ்க்கில் புதிதாய்ச் சேர்ந்த ரூஹி.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
காய்ந்த துணியை எடுக்கப் போகிறேன்.
சில நாள் காய்ந்திருக்காது.

உங்கள் ஆய்வுக் கேள்வி என்ன என்ற இடத்தில்
நகர்ப்புறப் போக்குவரத்து, கொள்கை என்று
ஏதோ எழுதியிருந்தேன்.
பணம் கொடுப்பவர்களுக்குப் புரிகிற பாஷை.

நூலகத்தின் மூன்றாம் மாடியில்
எங்கள் பத்திரிகையையும் தைத்து வைத்திருக்கிறார்கள்.
எல்லாம் மீன் பொட்டலமாய்ப் போயிருக்குமென்று
நம்பியிருந்தேன்.
ஜூலை. ஐந்தாம் பக்கம், கீழ்மூலை.
என் பெயர் போடாத நாலு வரி:
குர்லாவுக்கும் வித்யாவிஹாருக்கும் இடையே
அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் முப்பது,
நீலச் சட்டை.

சட்டை நீலமில்லை.
நான் பார்த்தேன். பச்சை.
காலர் ஓரம் தையல் பிரிந்திருந்தது.
போலீஸ் நீலமென்றார்கள்,
மணி ஏழே கால், பக்கம் போயாக வேண்டும்,
நீலமென்று எழுதினேன்.
பச்சைச் சட்டைக்காரனைத் தேடிய யாரோ
ஐந்தாம் பக்கத்தைப் புரட்டிப் போயிருக்கலாம்.
பதினோரு வருடம் கழித்து
திருத்தம் போட எந்தப் பத்திரிகையிலும் இடமில்லை.

குர்லா ரயில்வே போலீஸ் நிலையம்.
எந்தப் பேப்பர், என்கிறார் எழுத்தர் போண்ட்ரே.
இப்போதைக்கு எதுவுமில்லை.
அப்புறம் எதுக்கு?
பதில் யோசிக்கிறேன். மின்விசிறி சுற்றுகிறது.
பழைய பதிவேடெல்லாம் மாடியில், கரையான்,
சாவி வைத்திருப்பவர் லீவு.
அடுத்த மாசம் வாங்க என்கிறார்,
இதுவரை யாரும் திரும்பி வராத குரலில்.

எந்தத் தேதி என்று கேட்டேன்.