மிதவை மூன்று

போட்டிக்கு முந்தின மாலை
எர்வினும் நானும் ஐந்து கோணிகளில் கல் நிரப்பினோம்.
எரிமலை எப்போதோ துப்பிய கறுத்த கல்,
உள்ளெல்லாம் ஓட்டை, தூக்கினால் ரொட்டிக் கனம்.
நல்ல கல் வேண்டுமென்றால் ஆற்று முகத்துவாரம் வரை போகவேண்டும்.
லாரிக்காரர் வீட்டில் அன்று ஞானஸ்நானம்.
"இது போதும் நெலிதா, ஏரிதானே" என்றான் எர்வின்.
ஏரிதான்.
எதிர்க்கரை தெரியாத யான்கிவே ஏரி.
ஐந்து மிதவைக்கும் முடிச்சு நான் போட்டேன்.
மூன்றாவதற்கும் நான்தான்.

விடியுமுன் படகில் தடத்தின் நடுவுக்கு.
நாற்பது சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பமானி:
பதினாறு புள்ளி இரண்டு.
பதினாறுக்குக் கீழே இறங்கியிருந்தால்
எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.
நாற்பத்தேழு பேரின் ஒரு வருடம்
அந்தப் புள்ளி இரண்டில் தொங்கியது.
மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் அதையே சொன்னது.
நன்றி என்றேன், கருவியிடம்.

கரையில் வரிசை.
நகத்தைக் காட்டு. மோதிரம் கழற்று. கடிகாரம் கழற்று.
முதலில் எண், அப்புறம் வாசலின்.
மாற்றிச் செய்தால் மை வழுக்கி
எட்டு மூன்றாகிவிடும்,
மூன்றுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது.
வால்திவியாவின் பல்மருத்துவர் நகம் வெட்ட மறுத்தார்.
என் பையில் நகவெட்டி உண்டு. பேச்சு இல்லை.
குதிரை ஈக்களுக்குக் கறுப்பு ரப்பர் உடைகள் கல்யாணப் பந்தி.
பத்தொன்பது: ராயென் கத்ரிலேயோ.
மீன்பண்ணையில் இரவு வேலை முடித்து நேராக வந்தவள்,
தோளில் எழுதும்போது கொட்டாவி விட்டாள்,
ஒன்பதின் வால் கோணிக்கொண்டது.

தலையெண்ணி உள்ளே விட்டேன். ஊதினேன்.
ஏரி ஒரு நிமிடம் கொதித்தது,
பிறகு நீண்டு, நூலாகி,
தொப்பிகளாக மட்டும் மிஞ்சியது.

பத்தரைக்குக் கிழக்கிலிருந்து புவெல்சே காற்று,
தந்தியில்லாமல் வந்திறங்கும் சம்பந்திபோல.
மூன்றாம் மிதவைப் படகில் மார்லிஸ் எழுதினாள்:
பத்தொன்பது, மிதவைக்கு உட்புறமாகத் திரும்பினாள்.
மிதவை வலத்தோள் பக்கம் இருக்கவேண்டும்,
இடத்தோள் பக்கம் இருந்தது.
விதி ஒரு தோள் அகலம்தான்.

முதலில் வந்தவளும் அவளே.
பலகையை அறைந்தாள், எழுந்தாள், உட்கார்ந்துவிட்டாள்.
நான் நாற்பத்தேழையும் எண்ணி முடிக்கும்வரை
யாரையும் பேசவிடவில்லை.

அப்புறம் பேசினார்கள்.
மார்லிஸ் மெதுவாக,
இரண்டாவதாக வந்தவளின் அப்பா ஊருக்கே கேட்கும்படி.
நான் தொலைநோக்கியை எடுத்தேன்.
காலையில் மூன்றாம் மிதவை
தேவாலயக் கோபுரத்துக்கு நேரெதிரே நின்றது.
இப்போது மேற்கே, மரவாடிக்கு எதிரே.
கோபுரம் நகர்ந்திருக்க வாய்ப்பில்லை.

"கோபுரத்தைப் பார்த்துத்தான் நீந்தினேன்," என்றாள் ராயென், பற்கள் தட்ட.
"மிதவை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது."
மற்றவர்கள் அதன் பின்னால் போயிருக்கிறார்கள்,
அறுபது மீட்டர் அதிகம், ஒருவேளை எழுபது.
அவர்கள் மேலும் தப்பு இல்லை.

தகுதி நீக்கம் என்ற கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.
அதில் எழுதினேன்: மிதவை மூன்று.
காரணம்: நங்கூரம் இழுபட்டது.
பொறுப்பு: நெலிதா ஓயார்சோ, தலைமை நடுவர்.
அந்த அப்பா மேல்முறையீட்டுக் கட்டணத்தை
மேசையில் வைத்தார், முழுக்கச் சில்லறையாக.
எண்ணி ரசீது கொடுத்தேன்.
செவ்வாய்க்கிழமை விசாரணை.
ராயென் இரண்டு துண்டு கேக் தின்றுவிட்டு
பேருந்துக்கு ஓடினாள். அன்றிரவும் வேலை.

சாயங்காலம் மூன்றாவது கயிற்றை இழுத்தோம்.
"முடிச்சு அப்படியே இருக்கிறதே" என்றான் எர்வின், என்னைத் தேற்ற.
ஆமாம், முடிச்சு அப்படியே இருந்தது.
கோணியை ஒரு கையால் படகுக்குள் தூக்கினேன்,
மறு கைக்கு வேலையே இல்லை.
வாயைப் பிரித்து, கற்களை ஒவ்வொன்றாக
ஏரியில் போட்டேன்.
ஒன்று, மூழ்குமுன்,
கொஞ்சம் யோசித்தது.