சத்தியக்கடதாசி, நாலாம் பந்தி

கச்சேரியடி மொழிபெயர்ப்புக் கடை.
அரியமலர் சொன்ன ஒரு வரியில்
அரைமணி நேரமாய் நிற்கிறேன்:
'ஷெல்லடி தொடங்கினது.'

பிகின் என்று அடித்தேன்.
மாரி மழை மாதிரி
தன்பாட்டில் வந்ததாய்ப் பட்டது. அழித்தேன்.
ஸ்டார்ட்.
மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளுக்குக்கூட
உதைக்க ஒரு கால் வேண்டியிருந்தது.
அதையே வைத்தேன்.
கொமென்ஸ், விழா அழைப்பிதழ்களுக்கு;
தொடவில்லை.

"அப்ப நீங்கள்?"
"நாங்கள் வெளிக்கிட்டனாங்கள்.
இவர்தான் திறப்பை எடுக்கத்
திரும்பிப் போனவர்."

வெளிக்கிடுறது.
உடுப்பு மாற்றித் தலைவாருவதும் அதுதான்,
ஊரை விடுவதும் அதுதான்.
விரல் விசைப்பலகையில் நின்றது.

அவ மணிக்கூட்டைப் பார்த்தா.
"கெதியா எழுதுங்கோ தம்பி,
பருத்தித்துறை பஸ் வெளிக்கிடப் போகுது."