நாலாவது தடுப்பு

கல்லலுக்கு மேற்கே, கண்மாய்க்கரைக்குக் கீழே
கல்லூரிப் பிள்ளைகள் அறுபத்து நாலு பேர், ஏழு நாள் முகாம்.
பள்ளிக்கூடத்தில் குளியலறை ஒன்று.
அதன் சாவி தலைமையாசிரியரிடம்,
அவர் காளையார்கோவிலில்.
"விடியறதுக்குள்ள ஆறு தடுப்பு வேணும்ணே"
என்றார் மெய்யம்மை டீச்சர்.

சரளை மண். கடப்பாரை ஒரு சாண் இறங்க
ஒரு டீ குடிக்க வேண்டியிருந்தது.
பத்தொன்பது தைலமரக் கம்பு, கால் கிலோ கட்டுக்கம்பி.
டிராக்டர் டிரெய்லர் மேலே தொட்டி,
அங்கிருந்து முக்கால் இஞ்சுக் குழாய்,
குழாய் வாயில் பால்பவுடர் டப்பா,
அதன் அடியில் காய்ச்சிய ஆணியால் முப்பது ஓட்டை.
வாட்டம் மட்டும் பிசகக் கூடாது.
தண்ணீர் யார் சிபாரிசுக்கும் மேடேறாது.

சுற்றிலும் பச்சை வலை கட்டினேன்.
பகலில் நன்றாகத்தான் இருந்தது.
பொழுது சாய்ந்து பல்பைப் போட்டதும்
டீச்சர் உள்ளே போய்க் கையை உயர்த்தினார்.
வெளியே நின்று எண்ணினேன்:
ஐந்து விரலும் தெரிந்தது.

வலையை அறுத்துவிட்டுக்
கொட்டகைக்குப் போய்ப் பழைய பிளெக்ஸ்களை அள்ளி வந்தேன்.
ஒரு காதுகுத்து, ஒரு கண்ணீர் அஞ்சலி,
மாவட்டப் பொறுப்பாளர்கள் பதினோரு பேர்,
மஞ்சுவிரட்டில் பிடிபடாத காளை ஒன்று.
"முகம் உள்ள பாக்கக் கூடாது" என்றார்கள் பிள்ளைகள்.
வெளியே பார்க்கக் கட்டினேன்.
ரோட்டிலிருந்து பார்த்தால்
பெரிய மனிதர்கள் காவல் நிற்பதுபோல் இருந்தது.

நாலாவது, மஞ்சள் நீராட்டு விழா.
கம்ப்யூட்டர் போட்ட மயில் ஆசனத்தில்
நகை பாரம் தாங்காத பதிமூன்று வயசு.
செல்வி ஆ. வினோதா.
கீழே தாய்மாமன்கள், அவர்களின் செல்போன் எண்கள்.

சோப்பு டப்பாவோடு ஒரு பிள்ளை அதன் முன்னால் நின்றாள்,
நெடுநேரம்.
"இது நாந்தாண்ணே.
பஸ் ஸ்டாண்டு வாசல்ல ரெண்டு மாசம் இருந்துச்சு.
நான் கோயில் தெரு சுத்திப் பள்ளிக்கூடம் போனேன்."

கத்தியை எடுத்தேன், கயிற்றை அறுக்க.
"வேணாம். திருப்பிக் கட்டுங்க,
உள்ள பாக்கட்டும்.
என்னைய நான்தானே பாக்குறேன்."

ரோட்டுப் பக்கம் இப்போது
ஒன்றும் எழுதாத வெள்ளை.
உள்ளே தண்ணீர் விழும் சத்தம்,
பிறகு "ஐயோ, சுடுது" என்று ஒரு சிரிப்பு.
நாளெல்லாம் வெயிலில் கிடந்த தொட்டி, சுடத்தான் செய்யும்.

நாலாவதில் மட்டும் தண்ணீர் தேங்கியது.
காலையில் இரண்டு கூடை சரளை கொட்டினேன்.